யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்

நான் செய்த முட்டாள்தனங்களில் பெரியதை முதலில் சொல்லிவிடுகிறேன். கைபேசியை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கும் ஒரு நூலகத்தின் சுவரில், கைபேசி இல்லாமல் திறக்கவே முடியாத நாற்பது க்யூஆர் கட்டங்களை அச்சடித்து மாட்டியவள் நான். அதற்காக எனக்குப் பொன்னாடையும் போர்த்தினார்கள்.

திருச்செங்கோடு பக்கத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். காலையில் சேலம் அஸ்தம்பட்டியில் கல்லூரிப் பேருந்து ஏறினால் சாயங்காலம் அதே பேருந்தில் திரும்பி வருவேன். எங்கள் பக்கத்துக் கல்லூரிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. விடுதிப் பிள்ளைகளின் கைபேசி வார்டனின் அலமாரியில் இருக்கும்; ஊரிலிருந்து வந்துபோகும் பிள்ளைகளின் கைபேசி நுழைவாயிலில் பெட்டிக்குள் போய்விடும். அதைக் கேட்டுத்தான் பெற்றவர்கள் அட்மிஷனே போடுகிறார்கள். நூலக வாசலிலும் கைபேசிப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டு ஒரு பலகை, அதுவும் நான் மாட்டியதுதான்.

அந்த வருடம் தர மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. நூலகத்தில் 'திறந்த கல்வி வளங்கள்' என்று ஏதாவது இருக்க வேண்டும், அதற்குத் தனி மதிப்பெண் என்றார் முதல்வர். அதைப் பற்றி மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்தவள் நான் ஒருத்திதான். விஷயம் ஒன்றும் கடினமில்லை. உலகத்தில் சில ஆசிரியர்கள் பாடப்புத்தகம் எழுதி, 'யார் வேண்டுமானாலும் படிக்கலாம், படியெடுக்கலாம், அச்சிடலாம், மாற்றி எழுதலாம், பிறருக்குக் கொடுக்கலாம். எழுதியவர் பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள்' என்று முதல் பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி விட்டுவிடுகிறார்கள். அப்படிப்பட்ட நாற்பது புத்தகங்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் போட்டு, ஃபிளெக்ஸ் கடையில் பெரிய பலகையாக அடித்து மாட்டினேன். குழுவினர் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். முதல்வருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

குழு கிளம்பிப்போன பிறகு, பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த எங்கள் அட்டெண்டர் மட்டும் கேட்டாள்.

"ஏனுங்க மேடம், போனைத்தான் நாம உள்ள உடறதில்லீங்களே. அப்பறம் இதைப் புள்ளைக எதுலீங்க பாக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றால் எனக்குக் கோபம்தான் வரும்; ஊரறிந்த சங்கதி அது. "உனக்குக் குடுத்த வேலையப் பாரும்மா" என்றேன். அவள் வேலையைப் பார்த்தாள். அவள் கேட்டதற்குப் பதில் இல்லை என்று தெரிந்துபோனதுதான் என் கோபத்துக்குக் காரணம்.

இவளை 'அவள்' என்று எழுதுவதற்கு அவளிடமே அனுமதி வாங்கியிருக்கிறேன். என்னைவிடப் பத்து வயது சின்னவள். கல்லூரியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஊர். புருஷனுக்குப் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை. வருடத்தில் பாதி நாள் ஏதாவது வடநாட்டு ஊரில் போர் போட்டுக்கொண்டிருப்பார். "எழுதறப்போ அவர்னு போடட்டுமா, அவள்னு போடட்டுமா?" என்று கேட்டேன். "அவருன்னு போட்டா வேற யாரோ மாதிரி இருக்குதுங்க மேடம்" என்றாள். பதினான்கு வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவர்கள் நாங்கள். திரும்பி வந்த புத்தகங்களை வண்டியில் அடுக்கித் தள்ளிக்கொண்டு போனால், முதுகில் ஒட்டிய எண்ணைப் பார்க்காமலே இடம் கண்டு செருகுவாள். கணினியில் நான் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அவள் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிடுவாள். அதற்கும் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

பலகை மாட்டிய இரண்டு மாதத்தில் அவள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டாள். பி.காம். படித்தவள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மூன்று வருடமும் படித்து முடித்து, ஒரே ஒரு பாடத்தில் அரியர். வணிகப் புள்ளியியல். மூன்று முறை எழுதிப் பார்த்தாள். நடுவில் கல்யாணம், குழந்தை, மாமியாருக்குப் பக்கவாதம். பத்தொன்பது வருடமாக அந்த ஒரு தாள் அப்படியே நிற்கிறது. இப்போது பழைய மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறது. இதை விட்டால் அவ்வளவுதான். தேறினால் டிகிரி கையில் வரும். டிகிரி இருந்தால் நூலக உதவியாளர் பதவிக்கு விண்ணப்பிக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்று அவள் சொல்லவில்லை. நான்தான் அப்படி நினைத்துக்கொண்டேன். அவள் சொன்னது வேறு.

"பேருக்குப் பின்னால ரெண்டு எழுத்துப் போட்டுக்கணுமுங்க. போடாமயே செத்துருவனோன்னு இருக்குதுங்க."

அவர்கள் காலத்துப் பாடப்புத்தகம் நம்மிடம் இருக்கிறதா என்று கேட்டாள். கணினியில் பார்த்தேன். ஒரே பிரதி. அதையும் ஒரு பேராசிரியர் எடுத்துக்கொண்டு போய், ஓய்வும் பெற்று, ஊரும் மாறிவிட்டார். மாணவி ஒரு நாள் தாமதித்தால் வாசலிலேயே நிறுத்திக் கேட்கும் நான், பேராசிரியர்களிடம் மட்டும் வருடத்துக்கு ஒரு முறை பணிவாகக் கடிதம் எழுதுவேன். "இல்லம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன். இதை இப்போது எழுதும்போதுகூட என் மேல் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அப்புறம் ஒரு நாள், மதியச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் நிறைய உள்ளே இருந்த நேரம். வேளாண்மைப் புத்தகங்கள் இருக்கும் கடைசி வரிசையில் எட்டிப் பார்த்தால், அட்டெண்டர் இரண்டு அலமாரிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வேலைக்காரர்களுக்குக் கைபேசி உண்டு. ஆனால் நூலகத்துக்குள் எடுக்கக் கூடாது. ஏதோ சமையல் வீடியோ என்று நினைத்துவிட்டேன்.

"ஊருக்குத்தான் சட்டமா? உனக்கு இல்லையா? இந்தப் புள்ளைங்க கையில இருந்தா பிடுங்கி வைக்கிறேன், நீ இங்க நின்னு படம் பாத்துக்கிட்டிருக்கே!"

பிள்ளைகள் அத்தனை பேரும் தலைதூக்கிப் பார்த்தார்கள். அவள் முகம் கறுத்தது. கைபேசியை இடுப்பில் செருகிக்கொண்டு, துடைப்பதற்குத் துணியை எடுத்தாள். சாயங்காலம் பேருந்துக்கு மணி அடிக்கும் முன்னால்தான் என் அருகில் வந்தாள்.

"படம் பாக்கலீங்க மேடம். நீங்க சுவத்துல மாட்டுனீங்களே, அதுல ரெண்டாவது வரிசை, நாலாவது கட்டம். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் புஸ்தகம் வருதுங்க. மொதப் பக்கத்துல யாரு வேணாலும் படிக்கலாமுன்னு போட்டிருந்துது. அதைத்தானுங்க படிச்சுட்டிருந்தேன்."

நாற்பது கட்டங்களில் எது எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது. அந்தப் பலகையை மாட்டிய நாளிலிருந்து அதைத் திறந்து படித்த ஒரே ஆள் அதைத் தினமும் துடைத்தவள்தான். பேருந்தில் உட்கார்ந்து சங்ககிரி தாண்டும்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னல் தூசி என்று நினைத்துக் கண்ணாடியை மூடினார்.

மறுநாள் தண்ணீர் கேன் பக்கத்தில் அவளைப் பிடித்து, "நேத்து நான் பேசினது தப்பு" என்றேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. எங்கள் மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம் சொல்வதோடு சரி. அவள் பதறிப்போய், "அய்யோ, என்னுங்க நீங்க, உடுங்க" என்றாள். விடவில்லை நான். எந்த அத்தியாயம்வரை வந்திருக்கிறாய் என்று கேட்டேன்.

இரண்டாவது அத்தியாயத்திலேயே நின்றுபோயிருந்தாள். அவளால் முடியாமல் இல்லை. புத்தகம் எழுதியவர்கள் எங்கோ பனிநாட்டுக்காரர்கள். ஒரு நகரத்தில் எத்தனை அங்குலம் பனி விழுந்தது என்று ஒரு கணக்கு. அதற்கடுத்து ஏதோ ஒரு மட்டைப் பந்து விளையாட்டின் புள்ளிகள். நம் ஊர்க் கிரிக்கெட்டும் இல்லை. அந்த விளையாட்டைப் புரிந்துகொள்ளவே அவள் இரண்டு நாள் செலவழித்திருக்கிறாள். விளையாட்டுப் புரிந்தால்தானே கணக்குப் புரியும் என்று நினைத்திருக்கிறாள் பாவம். தேர்வுக்கு இன்னும் மூன்று மாதம்கூட இல்லை.

அப்போதுதான் பயிற்சியில் சொன்னது எனக்கு உறைத்தது. படிக்கலாம், படியெடுக்கலாம் என்பதோடு விட்டார்களா? மாற்றி எழுதலாம் என்றும்தானே போட்டிருக்கிறார்கள்!

எனக்குப் புள்ளியியல் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் தினமும் என்னோடு பேருந்தில் வருகிறார். எங்கள் புள்ளியியல் ஆசிரியை, வாழப்பாடிக்காரர். அதிகாலையில் கிளம்பிச் சேலம் வந்து எங்கள் பேருந்தைப் பிடிப்பவர். ஏறியதும் தூங்கிவிடுவார். நான் எழுப்பி விஷயத்தைச் சொன்னேன்.

"மாத்தி எழுதுறதா? காப்பிரைட் கேஸ் கீஸ் வந்தா நம்மள உள்ள தள்ளிடுவாங்க மேடம்."

அன்று ராத்திரி அந்த அனுமதிப் பக்கத்தை மூன்று தடவை எழுத்தெண்ணிப் படித்தேன். மூல ஆசிரியர்கள் பெயர் இருக்க வேண்டும். எதை மாற்றினோம் என்று சொல்ல வேண்டும். நாம் மாற்றியதையும் இதே போலத் திறந்து விட வேண்டும். மூன்றே நிபந்தனைதான். கேட்டால் காட்டுவதற்கு அதை அச்செடுத்துக்கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். சேலத்திலிருந்து திருச்செங்கோடுவரை படித்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது, "சரி, மொத நாலு அத்தியாயம் பண்ணுவோம்" என்றார். நூலகர் என்ற வேலைக்கு என்ன பயன் என்று என் பெண் சில சமயம் கேட்பாள். ஒருவர் பயந்து நிற்கும் இடத்தில், பயப்பட வேண்டியதில்லை என்பதற்கான தாளைக் கொண்டுபோய்க் கையில் கொடுக்கிற வேலை என்று இனி சொல்லிக்கொள்ளலாம்.

தினமும் மூன்றரை மணிக்குப் பிறகு மூன்று பேரும் பத்திரிகை மேசையில் உட்கார்ந்தோம். அட்டெண்டரை உட்கார வைக்கவே இரண்டு நாள் ஆனது. ஆசிரியை பாடத்தைச் சொல்வார். எங்கே புரியவில்லை என்று அட்டெண்டர் சொல்வாள். புரிகிற மாதிரி நான் எளிய தமிழில் எழுதுவேன். பனியை எடுத்துவிட்டு என்ன போடலாம் என்று கேட்டபோது அட்டெண்டர் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"எங்க தெருவுல ஒம்பது ஊட்டுல போர் போட்டிருக்குதுங்க. யாரு ஊட்டுல எத்தனை அடின்னு எனக்கு மனப்பாடமுங்க. அதை வேணாப் போடலாமுங்களா?"

சொன்னாள். ஆசிரியை எழுதிக்கொண்டார். ஒன்பதில் எட்டு வீட்டில் எழுநூறு அடிக்குள்ளேயே தண்ணீர். ஒரு வீட்டுக்காரர் மட்டும் பிடிவாதமாக ஆயிரத்து நானூற்று நாற்பது அடி இறக்கியிருந்தார். கூட்டி வகுத்தால் சராசரி எழுநூறு வந்தது.

அட்டெண்டர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுநூறு அடியில யாரு ஊட்டுலயும் தண்ணி வல்லீங்களே. அந்த ஒருத்தரு இறக்கோ இறக்குன்னு இறக்குனதுனால எங்க தெருவுக்கே ஆழம் கூடிப்போச்சுங்களா?"

ஆசிரியை மேசையைத் தட்டிக்கொண்டு எழுந்தேவிட்டார். "அதேதான்! அதுக்குத்தான் இடைநிலைன்னு ஒண்ணு இருக்கு. ஒம்போதையும் வரிசையா நிக்க வெச்சு நடுவுல நிக்கிறது யாருன்னு பாருங்க. இதப் புரியவைக்க நான் வருஷா வருஷம் ஒரு வாரம் எடுத்துக்குவேன்!"

வரிசையாக எழுதினாள். நடுவில் நின்றது அறுநூற்று நாற்பது. "இது எங்க பெரியம்மா ஊடுங்க" என்றாள். அவள் சிரித்தாள், நாங்களும் சிரித்தோம். பத்தொன்பது வருடமாக ஒரு பெண்ணை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்திருந்த பாடம் அன்று அவளுடைய தெருவுக்குள் வந்து நின்றது.

மட்டைப் பந்துக்குப் பதில் கோழிப்பண்ணை முட்டைகளின் எடை வந்தது. வேறொரு நாட்டின் ரயில் நேரத்துக்குப் பதில், எங்கள் கல்லூரிப் பேருந்து தினமும் எத்தனை நிமிடம் தாமதம் என்று இரண்டு வாரம் குறித்துவைத்தேன். ஓட்டுநர் என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

நான்கு அத்தியாயமும் முடிந்து பத்துப் பிரதி அச்செடுத்து ஸ்பைரல் போட்டு வந்த அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. புதிய புத்தகம் வந்தால் முத்திரை குத்துவது எப்போதும் அட்டெண்டர் வேலை. அன்றைக்கு ஆசையில் நானே உட்கார்ந்து குத்தினேன். சேர்க்கை எண், கல்லூரி முத்திரை, ரகசியப் பக்கத்தில் ஒரு முத்திரை. எல்லா நூலகத்திலும் அப்படி ஒரு பக்கம் உண்டு. முன்பக்கத்தைக் கிழித்துவிட்டாலும் புத்தகம் நம்முடையது என்று அதை வைத்துக் காட்டிக்கொடுக்கலாம். பத்தையும் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் அட்டெண்டர் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, என் முன்னால் விரித்து வைத்தாள்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. மேல யாரு வேணாலும் காப்பி எடுத்துக்கலாமுன்னு போட்டிருக்குதுங்க. நாமதான் தமிழ்ல எழுதுனோம். அதுக்குக் கீழயே 'பார்வைக்கு மட்டும், படியெடுத்தல் கூடாது'ன்னு நீங்க செவப்பு மையில குத்திப்போட்டீங்க. புள்ளைக எதைங்க கேக்கும்?"

பத்துப் பிரதியிலும் குத்தியிருந்தேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். அந்தப் பூசாரியை நான் பார்த்ததில்லை, கண்ணாடியில் தவிர. இருபத்தைந்து வருடம் புத்தகத்தைக் காத்துக் காத்து, கொடுப்பதற்கென்றே எழுதிய புத்தகத்தையும் பூட்டி வைக்கிற கை ஆகிவிட்டது என் கை. இந்தத் தடவை கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது, வெட்கத்தோடு சேர்ந்து. சிவப்பு முத்திரை மேல் வெள்ளைத் தாள் ஒட்டும் வேலையை இரண்டு பேரும் சேர்ந்து செய்தோம். அலமாரியைத் திறந்து பிரதிகளை வாசல் மேசையில் வைத்தோம். கைபேசி இல்லாத பிள்ளைகளுக்காக, நாற்பது புத்தகங்களையும் நூலகக் கணினிகளில் இறக்கி வைத்தேன். இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

ஒரு வாரத்தில் மேசை காலி. விடுதிப் பிள்ளைகள் எடுத்துப்போய் ஜெராக்ஸ் போட்டுவிட்டார்கள். ஒருத்தி மூன்றாவது அத்தியாயத்தில் ஒரு விடை தப்பு என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள், தப்புத்தான். கடையில் வாங்கிய புத்தகமாக இருந்தால் அந்தத் தப்பு அடுத்த பதிப்புவரை அப்படியே கிடந்திருக்கும். நாங்கள் அன்றைக்கே திருத்தினோம். நாமக்கல் பக்கத்துப் பெண் ஒருத்தி தன் அப்பாவின் பண்ணையிலிருந்து உண்மையான முட்டை எடைகளைக் கொண்டுவந்து, "நீங்க போட்டிருக்கற முட்டையெல்லாம் ரொம்பச் சிறுசுங்க மேடம்" என்றாள். அதையும் மாற்றினோம்.

திருத்தங்களோடு மறுபடி அச்செடுக்கும் முன், முன்பக்கத்தில் யார் யார் பெயர் போடுவது என்ற பேச்சு வந்தது. மூல ஆசிரியர்கள் பெயருக்குக் கீழே, தமிழில் மாற்றியவர்கள் என்று எங்கள் மூன்று பேர் பெயரும் வர வேண்டும் என்றார் ஆசிரியை. அட்டெண்டர் ஒப்புக்கொள்ளவே இல்லை.

"அந்தப் பாடத்துலயே பெயிலானவளுங்க நானு. என்ற பேரைப் போட்டா புள்ளைக புஸ்தகத்தை நம்புமுங்களா? பாஸானாப் போடுங்க. இல்லாட்டி வேண்டாமுங்க."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் அவள் பெயர் இருக்க வேண்டிய வரியைக் காலியாகவே விட்டு அச்செடுத்தோம்.

தேர்வு சேலத்தில் ஒரு கல்லூரியில். அன்றைக்கு லீவு போட்டுவிட்டுப் போனாள். முந்தின ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா முன்னால் ஒரு மெழுகுவத்தி கொளுத்தினேன். இத்தனை வருடத்தில் என் பிள்ளைகளின் பரீட்சைக்குக்கூட நான் கொளுத்தியதில்லை. மறுநாள் வந்தவளிடம் எப்படி எழுதினாய் என்று கேட்டதற்கு, "எழுதியிருக்கறனுங்க" என்றாள், அவ்வளவுதான். பதினைந்து மார்க் கேள்வி ஒன்றில் இடைநிலை கேட்டிருந்தார்களாம். ஒன்பது எண்ணையும் வரிசைப்படுத்தும்போது தெருவே கண்முன்னால் வந்ததாம்.

முடிவு வர இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் ஒரே அலமாரியை ஒரே நாளில் மூன்று தடவை துடைப்பாள். ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஆசிரியை துறையிலிருந்து ஓடி வந்தார், மூச்சு வாங்கிக்கொண்டு. அட்டெண்டர் வண்டியில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பாஸ்! நாப்பத்தாறு! பாஸ்!"

"பதிவெண் சரியாப் பாத்தீங்களா? கடைசி நம்பரு மூணுங்க, எட்டு இல்லீங்க."

"மூணுதான்மா. ஒம் பேரே போட்டிருக்கு."

"சரிங்க" என்றாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு அலமாரிகளுக்குள் போய்விட்டாள். ஐந்து நிமிடம் கழித்துப் போய்ப் பார்த்தேன். கடைசி வரிசையில், தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். வண்டியில் ஒரு புத்தகம்கூட மீதி இல்லை. எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்துவிட்டுத்தான் அழ உட்கார்ந்திருக்கிறாள். என் முழங்கால் மடங்காது. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க இரண்டு மாணவிகள் கைகொடுக்க வேண்டியிருந்தது.

அடுத்த அச்சில் அவள் பெயர் வந்தது, பெயருக்குப் பின்னால் பி.காம். என்று. பதவிக்கான விண்ணப்பம் நிர்வாகத்திடம் போயிருக்கிறது. இதை எழுதும் இன்றுவரை பதில் வரவில்லை. வாரம் ஒரு முறை நான் போய் முதல்வர் அறை வாசலில் நிற்கிறேன். என்னைப் பார்த்தாலே அவர் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்.

புதிய பிரதிகள் நல்ல அட்டையோடு பைண்டாகி வந்த அன்று எனக்கு ஒரு ஆசை. அதில் முதல் பிரதியை இரவல் எடுப்பது அவளாக இருக்க வேண்டும். ஆசிரியையையும் வரச் சொன்னேன். நான்கைந்து மாணவிகளும் கூடிவிட்டார்கள். புத்தகத்தின் பார்கோடை ஸ்கேனரில் காட்டினேன், டிக் என்றது. எடுப்பவர் பெயரைக் கணினி கேட்டது. அவள் பெயரைத் தட்டினேன்.

'இப்படி ஓர் உறுப்பினர் இல்லை' என்றது.

எழுத்துப் பிழையோ என்று மறுபடி தட்டினேன். ஊழியர் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழே பார்த்தேன். ஆசிரியர்கள் இருந்தார்கள், அலுவலகக்காரர்கள் இருந்தார்கள். ஊர் மாறிப்போன அந்தப் பேராசிரியர்கூட இருந்தார்.

"எனக்குக் கார்டு இல்லீங்களே மேடம்" என்றாள் மெதுவாக. என்னைக் காப்பாற்றுகிற குரலில் சொன்னாள்.

பதினான்கு வருடம். இந்த நூலகத்தின் ஒவ்வொரு புத்தகத்தையும் கையில் தூக்கியவள் ஒரு புத்தகத்தைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. அன்றைக்கு அந்தப் பாடப்புத்தகம் அலமாரியில் இருந்திருந்தாலும் நான் அவளுக்குக் கொடுத்திருக்க முடியாது. அவளுக்குத் திறந்திருந்தது, எடுப்பவர் யார் என்று எழுதியவர்கள் பாராமல் விட்டுவிட்ட புத்தகம் ஒன்றுதான்.

"ஏம்மா ஒரு தடவ கேட்டிருக்கக் கூடாது?" என்றேன்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்கங்க. கேக்கலாமுன்னே தோணலீங்க."

எனக்கும் கொடுக்கலாம் என்று தோன்றவில்லையே. அவள் அதைச் சொல்லவில்லை; நான் சொல்லிக்கொண்டேன். விண்ணப்பத் தாளை எடுத்து நானே நிரப்பினேன். மாணவிக்கு மூன்று, ஆசிரியருக்குப் பத்து என்று புத்தக எண்ணிக்கை அச்சாகியிருந்தது. அட்டெண்டருக்கு என்று ஒரு வரியே இல்லை. பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதல்வர் கேட்டால் அவருக்கும் ஒரு தாள் காட்டிக்கொள்ளலாம்.

மறுபடி ஸ்கேன் செய்தேன். இந்தத் தடவை கணினி மறுப்புச் சொல்லவில்லை. கெடு தேதியைக் குத்தி, புத்தகத்தை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவள் வாங்கிக்கொண்டாள். முதுகில் ஒட்டியிருந்த எண்ணை ஒரு தடவை பார்த்தாள், திரும்பினாள், எப்போதும்போல நேராகப் புள்ளியியல் அலமாரியை நோக்கி நடந்தாள். நாலு எட்டுப் போனவள் நடுவில் நின்றுவிட்டாள். கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தாள். அப்புறம் திரும்பி வந்து, சாப்பாட்டுப் பையிலிருந்து டிபன் டப்பாவை வெளியே எடுத்து என் மேசையில் வைத்துவிட்டு, புத்தகத்தை அந்தப் பைக்குள் வைத்தாள்.